லீவர் யார் கையில்?

சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ இயந்திரத்தை எதிர்க்கும் படம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ராட்சதப் பல்சக்கரங்களுக்கு நடுவே சின்ன மனிதன் ஒருவன் வளைந்து நெளிந்து போகும் அந்தப் புகைப்படம் செய்த வேலை இது. படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் புகைப்படம் தெரியும். இயந்திரம் மனிதனை விழுங்குகிறது, ஆகவே இயந்திரம்தான் வில்லன் என்று முடிவுகட்ட அது ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

படத்தை முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்கள் அவ்வளவு லேசில் முடிவுகட்ட மாட்டார்கள். 1936 பிப்ரவரி 5 அன்று நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் முதலில் காட்டப்பட்ட இந்த 87 நிமிடப் படத்தில், பல்சக்கரக் காட்சி வரும் முதல் தொழிற்சாலைப் பகுதி கால்வாசிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் சிறை, கப்பல் கட்டும் துறை, பலமாடிக் கடை, தண்ணீரை ஒட்டிய பலகைக் குடிசை, இன்னொரு தொழிற்சாலை, பாட்டும் ஆட்டமுமான உணவு விடுதி. இதை இயந்திர எதிர்ப்புப் படம் என்றார்கள். கம்யூனிசப் பிரசாரம் என்றார்கள். அரசியலே எட்டாத ஏழையின் கதை என்றார்கள். பழைய குறும்படங்கள் நாலைச் சேர்த்துத் தைத்தது என்றார்கள். பேசும்படத்தோடு ஊமைப்படம் போட்ட கடைசிச் சண்டை என்றார்கள். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எது எவ்வளவு தேறும் என்று பார்க்க எனக்குத் தோன்றும் வழி ஒன்றுதான்: படத்தில் திரும்பத் திரும்ப வரும் தொழிற்சாலை லீவரை யார், எப்போது, யாருக்காகத் தொடுகிறார்கள் என்று கவனிப்பது. இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று சாப்ளின் எங்கேயும் கேட்பதாக எனக்குப் படவில்லை. அது என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்றுதான் படம் நெடுகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இயந்திர எதிர்ப்பு வாதத்துக்கு நம் நாட்டில் செல்வாக்கு கூடுதல். காரணம் காந்தி. வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போயிருந்த அவரை 1931 செப்டம்பர் 22 அன்று கிழக்கு லண்டனின் ஏழைக் குடியிருப்புப் பகுதியில், இந்திய மருத்துவர் ஒருவரின் சிறிய வீட்டில் சாப்ளின் சந்தித்தார். தெருவெல்லாம் கூட்டம். அந்தச் சந்திப்பில் விழுந்த விதைதான் ஐந்து ஆண்டு கழித்துப் படமாக முளைத்தது என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். ஆனால் சாப்ளின் தன் சுயசரிதையில் தரும் உரையாடலைப் பார்த்தால் அவர் அங்கே இயந்திரத்துக்காக வாதாடியிருக்கிறார். மனிதனின் வேலை நேரத்தைக் குறைத்து, அவன் படிக்கவும் வாழ்வை அனுபவிக்கவும் நேரம் தருமானால் இயந்திரம் நல்லதுதானே, அதன்மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு என்பது அவர் கேள்வி. காந்தியின் பதிலும் இயந்திரத்தைப் பற்றியதாக மட்டும் இல்லை. இயந்திரம்தான் இந்தியாவை இங்கிலாந்துக்கு அடிமையாக்கியது, அந்தப் பிடியிலிருந்து விடுபட இந்தியன் தன் நூலைத் தானே நூற்றாக வேண்டும், இங்கிலாந்தோடு இந்தியாவை ஒப்பிட முடியாது, அங்கே தட்பவெப்பமும் வாழ்முறையும் வேறு என்று விளக்கியிருக்கிறார். சாப்ளின் மனம் மாறியதாக எழுதவில்லை; இந்திய விடுதலைப் போராட்டத்தின் உத்தியை அன்று நேரில் பாடம் கேட்டதாக எழுதுகிறார். ஆக, அந்த அறையில் பேசப்பட்டது இயந்திரத்தின் சொந்தக்காரர் யார் என்பது. படத்துக்கும் காந்திக்கும் தொடர்பு உண்டென்றால் அது இந்த இடத்தில்தான் இருக்க முடியும்.

படத்தின் வேர் வேறு இரண்டு இடங்களில் தெரிகிறது. ஒன்றை சாப்ளினே சொல்கிறார். டெட்ராயிட்டின் கார் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு இளம் நிருபர் அவரிடம் பேசியிருக்கிறார். பண்ணைகளிலிருந்து திடகாத்திரமான பையன்களைக் கூலி காட்டி இழுத்து வருகிறார்கள், கன்வேயர் பெல்ட் முன் நாலைந்து வருஷம் நின்றதும் அவர்கள் நரம்புத் தளர்ச்சியில் விழுகிறார்கள் என்று. இன்னொன்று சுயசரிதையின் தொடக்கப் பக்கங்களில் கிடக்கிறது. படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. லண்டனில், வறுமையின் அடித்தட்டில், ஏழைகள் விடுதிக்கும் தெருவுக்குமாக அலைந்த சிறுவன் சாப்ளின் கொஞ்ச நாள் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தான். அனுபவம் உண்டு என்று பொய் சொல்லிச் சேர்ந்த வேலை. ஆளைவிடப் பல மடங்கு பெரிய அச்சு இயந்திரத்துக்குத் தாள் தாளாக ஊட்ட வேண்டும். அது தன்னைத் தின்றுவிடும் என்று முதல் நாள் பயந்ததாகவும், தன் கையை முந்திக்கொண்டு ஓடப் பார்க்கும் அதன் பசிக்கு ஈடுகொடுக்கத் திணறியதாகவும் நினைவுகூர்கிறார். பசித்திருக்கும் பையன், தன்னைவிடப் பசித்த இயந்திரத்துக்கு ஊட்டுகிறான். படத்தில் பிற்பாடு வரப்போகும் சாப்பாட்டு இயந்திரத்தின் கரு இதில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டெட்ராயிட் கதைக்குக் கணக்கு இருக்கிறது. அந்த ஊரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் 1913-இல் ஹென்றி ஃபோர்டு நகரும் வரிசையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் மாடல் டி காரின் அடிச்சட்டம் ஒன்றைப் பூட்ட 12 மணி 28 நிமிடம் பிடித்தது. வரிசை வந்தபின் 1 மணி 33 நிமிடம். முன்பு தொழிலாளி காரைச் சுற்றி நடந்தார், கைக்கு வாகான வேகத்தில் பூட்டினார். இப்போது கார் அவரைத் தேடி வந்தது, நிற்காமல் போய்க்கொண்டும் இருந்தது. அந்த ஆண்டு ஃபோர்டு ஆலையில் ஆள் மாறிய விகிதம் 370 சதவீதம். நூறு இடத்தை நிரப்பி வைக்க ஆண்டில் 370 பேரை எடுக்க வேண்டியிருந்தது. ஓடிப்போகிறவர்களை நிறுத்தி வைக்கத்தான் 1914 ஜனவரியில் எட்டு மணி நேரத்துக்கு ஐந்து டாலர் என்ற புகழ்பெற்ற கூலி அறிவிப்பு வந்தது. அதைப் பெறுவதற்கு ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறாரா என்று தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். இதற்கெல்லாம் முன்பே ஃபிரெடரிக் டெய்லர் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு உடம்பின் ஒவ்வொரு அசைவையும் விநாடிக் கணக்கில் அளந்து, 1911-இல் புத்தகமே போட்டிருந்தார். 1923-இல் சாப்ளின் ஹைலண்ட் பார்க்குக்குப் போய் ஃபோர்டோடு புகைப்படமும் எடுத்துக்கொண்டார். வரிசையை அவர் கேள்விஞானத்தில் மட்டும் அறிந்தவர் இல்லை.

படத்தின் முதல் தொழிற்சாலையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கே என்ன தயாராகிறது என்று கடைசிவரை தெரியாது. எலெக்ட்ரோ ஸ்டீல் கார்ப்பரேஷன் என்ற பெயர்ப்பலகை இருக்கிறது; இரண்டு நட்டு வைத்த பட்டைகள் பெல்ட்டில் வருகின்றன; நம் நாயகன் இரு கையிலும் ஸ்பானர் வைத்துக்கொண்டு அவற்றை முடுக்குகிறான். பட்டை எங்கே போகிறது, எதில் பொருந்துகிறது, யார் வாங்குகிறார்கள், ஒன்றும் கிடையாது. முதலாளியோ தன் அறையில் துண்டுப்படங்களைப் பொருத்தி விளையாடுகிறார், பத்திரிகையில் சித்திரக்கதை பார்க்கிறார், சலிப்புத் தட்டினால் திரையைப் போட்டு ஐந்தாம் பிரிவை வேகப்படுத்தச் சொல்கிறார். லீவரை அவர் தொடுவதே இல்லை. சட்டை போடாத கட்டுமஸ்தான ஒருவர் சக்கரங்களுக்கும் கைப்பிடிகளுக்கும் நடுவே நின்றுகொண்டு, உத்தரவு வந்ததும் திருப்புகிறார். அவரும் கூலிக்காரர்தான். வேகத்தைக் கூட்டச் சொல்கிறவர் ஒருவர், கூட்டுகிறவர் வேறொருவர், வாங்கிக்கட்டிக்கொள்கிறவர் மூன்றாவது ஆள். உத்தரவு போகும்போது மூவரும் ஒருவரையொருவர் நேரில் பார்ப்பதில்லை. ஒரு தொழிற்சாலை நடக்கும் முறையை இத்தனை சிக்கனமாகச் சொன்ன காட்சி சினிமாவில் வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

வேகம் கூடக்கூட நகைச்சுவை எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. நாயகனுக்கு வேலை தெரியாமல் இல்லை. முடுக்குவதை அவன் ஒழுங்காகத்தான் செய்கிறான். அக்குள் அரிக்கிறது, ஈ மூக்கைச் சுற்றுகிறது, தும்மல் வருகிறது, தொல்லை அங்கேதான். அரிப்புக்கும் தும்மலுக்கும் பெல்ட்டில் இடம் ஒதுக்கவில்லை. ஒரு நொடி பிந்தினால் அடுத்தவர் பட்டையை அவன் துரத்த வேண்டும், அடுத்தவர் அவனைத் திட்ட, மேஸ்திரி எல்லாரையும் திட்ட, சங்கிலியாகப் போகிறது. இடைவேளைக்கு நகர்ந்தபின்னும் கை தானாக முடுக்கிக்கொண்டே துடிக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் சூப்பை அதே துடிப்பில் கொட்டிவிடுகிறான். கழிவறைக்குப் போகவும் அட்டையை நேரக் கடிகாரத்தில் குத்த வேண்டும். அங்கே போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால், சுவர் முழுக்க முதலாளியின் முகம் தோன்றி வேலைக்குப் போகச் சொல்லி அதட்டுகிறது. தொலைக்காட்சி வீடுகளுக்கு வராத 1936-இல் இந்தக் காட்சியை யோசித்திருக்கிறார். இதை எதிர்காலத்தைக் கணித்த கற்பனை என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. வீட்டுக்கே ஆள் அனுப்பி வேவு பார்த்த ஃபோர்டை நினைத்தால், பழைய வழக்கத்துக்குப் புதுக் கருவி மாட்டியது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சாப்பாட்டு இயந்திரத்துக்கு வருவோம். மதிய உணவு நேரத்தையே ஒழித்துவிட்டால் உற்பத்தி கூடும், செலவு குறையும் என்று ஒரு கண்டுபிடிப்பாளர் முதலாளியிடம் வருகிறார். அவர் வாயைத் திறப்பதில்லை. கூடவே கொண்டுவந்த கிராமபோன் தட்டு விற்பனை வசனத்தை ஒப்பிக்கிறது. சோதனைக்கு நாயகன் மாட்டுகிறான். சூப் வருகிறது, வாயைத் துடைக்கும் பஞ்சுருளை மரியாதையாக ஒற்றி எடுக்கிறது, தட்டில் இருப்பதை ஒரு கை வாய்க்குள் தள்ளுகிறது. மக்காச்சோளக் கதிர் சுழலத் தொடங்கியதும் எல்லாம் கெடுகிறது. கதிர் கட்டுக்கடங்காமல் சுற்றி மூக்கையும் பல்லையும் அரைக்கிறது. பழுது பார்க்க வந்தவர் தட்டில் வைத்த நட்டுகளை இயந்திரம் உணவென்று எண்ணி வாய்க்குள் தள்ளுகிறது. பஞ்சுருளை மட்டும் தன் கடமை தவறாமல் நடுநடுவே வந்து வாயைத் துடைத்துவிட்டுப் போகிறது. அரங்கம் சிரித்து ஓய்ந்தபின் முதலாளி சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்: இது சரிப்படாது, நடைமுறைக்கு உதவாது. ஒரு மனிதனை வதைத்துவிட்டோம் என்ற எண்ணம் அவருக்கு எழவே இல்லை. கதிர் ஒழுங்காகச் சுழன்றிருந்தால் மறுநாளே ஆலை முழுக்க மாட்டியிருப்பார். இயந்திரம் பழுதாகிக் கெடுத்ததால்தான் தொழிலாளிக்குச் சாப்பாட்டு நேரம் மிஞ்சியது. இயந்திரத்தைப் பகையாகக் காட்ட நினைப்பவர் கதையை இப்படியா முடிப்பார்?

லீவர் முதல்முறையாக நாயகன் கைக்கு வருவது அதற்குப் பிறகு. வேகம் உச்சத்துக்குப் போனதும் பெல்ட்டோடு இயந்திரத்துக்குள் போய், திருப்பி ஓட்டப்பட்டு வெளியே வரும்போது மூளை கலங்கியிருக்கிறது. நட்டைப் போல இருக்கும் எதையும் முடுக்குகிறான். சட்டைப் பொத்தானும் தெருக்குழாயும் தப்புவதில்லை. போலீஸ்காரர் துரத்த மறுபடி ஆலைக்குள் ஓடி வருகிறான். அந்த ஓட்டத்திலும் நின்று அட்டையைக் குத்திவிட்டுத்தான் நுழைகிறான்! பித்துப் பிடித்தபின்னும் மிஞ்சியிருக்கும் ஒழுக்கம் அது ஒன்றுதான். உள்ளே சக தொழிலாளிகள் அவனைப் பிடிக்கப் பாய்கிறார்கள். அவன் லீவரைத் தள்ளிவிடுகிறான். பெல்ட் நகர்கிறது, துரத்தியவர்கள் எல்லாரும் பதறி அவரவர் இடத்துக்கு ஓடி முடுக்கத் தொடங்குகிறார்கள். மறுபடி வருகிறார்கள், மறுபடி தள்ளுகிறான். சிரிப்பில் அடித்துக்கொண்டு போய்விடும் இந்த அரை நிமிடத்தை நான் படத்தின் மிகக் கசப்பான இடமாக எண்ணுகிறேன். அதிகாரத்தின் கைப்பிடி தொழிலாளியிடம் வந்ததும் அவன் அதைச் சக தொழிலாளிகள்மீதே திருப்புகிறான். அவர்களும் ஓட்டுகிறவன் யார் என்று பார்க்காமல் கீழ்ப்படிகிறார்கள். முழக்கம் போடும் படங்களில் இப்படி ஒரு காட்சியை வைக்க மாட்டார்கள்.

இது கம்யூனிசப் படம் என்ற வாதம் இந்த இடத்திலேயே பாதி உடைந்துவிடுகிறது. மீதியை உடைப்பது செங்கொடிக் காட்சி. மருத்துவமனையிலிருந்து வேலையில்லாமல் வெளியே வரும் நாயகன், லாரியின் பின்னால் கட்டியிருந்த அபாயக் கொடி கீழே விழுவதைப் பார்த்து எடுத்துக்கொண்டு, லாரிக்காரரை அழைத்து வீசுகிறான். முனை திரும்பி ஒரு ஊர்வலம் அவன் பின்னால் சேர்கிறது. தலைவன் என்று சொல்லிப் போலீஸ் அவனைப் பிடித்துப் போகிறது. இந்த நகைச்சுவை இரண்டு பக்கமும் கடிக்கும். ஆனால் 1932 மார்ச்சில் டியர்போர்னில் ஃபோர்டு ஆலையை நோக்கி வேலையற்றவர்கள் நடத்திய பட்டினி ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் மாண்டிருந்தார்கள்; 1933-இல் அமெரிக்காவின் தொழிலாளர் படையில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. ஊர்வலத்தையும் தடியடியையும் திரையில் காட்டுவதே அன்று ஒரு நிலைப்பாடாக இருந்தது. நாஜி ஜெர்மனி படத்தைத் தடை செய்தது. சோவியத் தரப்பிலோ வேறு விதத் தொல்லை. சோவியத் திரைத்துறைத் தலைவர் போரிஸ் ஷும்யாட்ஸ்கி 1935-இல் சாப்ளினைப் பார்த்துவிட்டுப் போய், தன் யோசனையின் பேரில்தான் அவர் முடிவை மாற்றினார் என்ற பொருளில் எழுதினார். முடிவு மாறியது நிஜம். நாயகி கன்னியாஸ்திரி ஆகிவிட, அவளிடம் விடைபெற்று நாயகன் தனியே போவதாக முதலில் எடுத்திருந்தார்கள். அதைத் தூக்கிவிட்டு இருவரும் சேர்ந்து சாலையில் நடந்துபோகும் முடிவை வைத்தார்கள். ஷும்யாட்ஸ்கியின் உரிமைக்கோரலை சாப்ளின் தரப்பு மறுத்தது. எனக்கும் அது நம்பத்தகுந்ததாக இல்லை. கன்னியாஸ்திரி முடிவைக் கைவிட மாஸ்கோவிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. ரசனை இருந்தால் போதும்.

இதே காலத்தில் கிளம்பிய திருட்டுக் குற்றச்சாட்டையும் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேரின் ‘ஆ நூ ல லிபெர்தே’ 1931-இல் வந்திருந்தது. சிறையிலிருந்து தப்பிய கைதி கிராமபோன் தொழிற்சாலை முதலாளி ஆகும் கதை. அதிலும் வரிசை, அதிலும் ஒருவர் பிந்தினால் எல்லாம் குழம்பும் காட்சி. அதைத் தயாரித்த டோபிஸ் நிறுவனம் சாப்ளின்மீது வழக்குப் போட்டது. கிளேர் தன் தயாரிப்பாளருக்காகச் சாட்சி சொல்ல மறுத்தார். சாப்ளினிடம் தான் கற்றதே ஏராளம், அவர் தன்னிடம் எதையாவது எடுத்திருந்தால் அது தனக்குப் பெருமை என்ற நிலையில் நின்றார். இழுத்துக்கொண்டே போன விவகாரம் போர் முடிந்தபின் சமரசத்தில் தீர்ந்தது. ஒற்றுமை தற்செயலா இல்லையா என்பதைவிட வேற்றுமைதான் நமக்குப் பயன்படும். கிளேரின் படம் முடியும்போது ஆலை தானாகவே ஓடுகிறது, தொழிலாளிகள் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறார்கள். காந்தியிடம் சாப்ளின் வாதாடியபோது மனதில் வைத்திருந்த உலகம் ஏறக்குறைய அதுதான். ஐந்து ஆண்டு வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பார்த்தபின் அந்த மீன்பிடிக் கனவைப் படமாக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். வேலை இல்லாதவனுக்குக் கிடைக்கும் ஓய்வு எப்படிப்பட்டது என்பதை அவர் சிறையில் காட்டுகிறார்: சிறை உடைப்பைத் தடுத்ததற்குப் பரிசாக வசதியான அறை கிடைத்திருக்கிறது, விடுதலை என்று அதிகாரி சொல்ல, இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாமா என்று நாயகன் கெஞ்சுகிறான்.

‘நியூ ரிபப்ளிக்’ விமர்சகர் ஓட்டிஸ் ஃபெர்குசன் படம் வந்த உடனேயே ஒரு குறை சொன்னார். இது ஒரு படமாக இல்லை, பழைய பாணி இரண்டு ரீல் படங்கள் நாலைச் சேர்த்தது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரே வைத்துவிடலாம் என்று. இது சரியான குறைதான். பலமாடிக் கடையில் கண்ணைக் கட்டிக்கொண்டு மாடி விளிம்பில் ரோலர் ஸ்கேட்டில் சுழலும் காட்சி அற்புதம் (பள்ளம் கண்ணாடியில் தீட்டிய ஓவியம் என்று தெரிந்தும் வயிறு கலங்குகிறது). ஆனால் அதை உருவி எடுத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. கனவு வீட்டில் மாடு வந்து தானே பால் கறந்து கொடுக்கும் பகுதி எனக்குத் திகட்டுகிறது. பாலெட் கோடார்ட் நடித்த தெருப்பெண், வாயில் கத்தியோடு வாழைப்பழம் திருடும் முதல் காட்சியில் வரும் துடிப்போடு கடைசிவரை இருந்திருக்கலாம்; குடிசைக்கு வந்ததும் அவளை அடுப்படியில் நிறுத்திவிடுகிறார். ஒட்டுப்போட்ட வடிவத்துக்கு ஒரு நியாயம் கற்பிக்க முடியும்: நிலையான வேலை இல்லாதவனின் வாழ்க்கை தொடர்கதையாக ஓடாது, துண்டு துண்டாகத்தான் கிடக்கும் என்று. எனக்கு அந்த வாதம் கொஞ்சம் பிடிக்கும், முழுக்க நம்பிக்கை இல்லை. பல வருஷம் குறும்படமாகவே யோசித்த கை அது, பழக்கம் விடவில்லை.

ஒலியைப் பற்றிய வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. 1927-க்குப் பின் மூன்றே ஆண்டில் ஹாலிவுட் முழுக்கப் பேசத் தொடங்கிவிட்டது. சாப்ளின் மட்டும் பிடிவாதமாக இருந்தார் என்பார்கள். பிடிவாதம் இவர்கள் சொல்லும் அளவு இல்லை. இந்தப் படத்துக்கு வசனம் எழுதி, ஒலிச் சோதனையும் செய்து பார்த்தபிறகே கைவிட்டார். கைவிட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் மிஞ்சியிருக்கும் ஒலி எங்கே இருக்கிறது என்பதே படத்தின் வாதமாகிவிட்டது. படத்தில் காதில் விழும்படி பேசுவது யார்? திரையிலிருந்து முதலாளி, கிராமபோனிலிருந்து விற்பனைக்காரர், சிறையில் வானொலி. எல்லாமே கருவி வழியாக வரும் குரல்கள். உத்தரவும் விளம்பரமும் பேசுகின்றன. தொழிலாளிக்கு எழுத்து அட்டைதான். அவன் பேச்சுரிமை பெறுவது படம் முடியும் தறுவாயில், உணவு விடுதி மேடையில். பாட்டு வரிகளைச் சட்டைக் கையில் எழுதிக்கொண்டு போய், கையை வீசிய வேகத்தில் கைப்பட்டை பறந்துவிடுகிறது. வார்த்தை கிடக்கட்டும், பாடு என்று நாயகி சைகை காட்ட, ‘டிட்டீன்’ என்ற பிரெஞ்சு மெட்டில் எந்த மொழியும் அல்லாத ஒன்றைப் பாடுகிறான். பிரெஞ்சு மாதிரி, இத்தாலி மாதிரி. ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது. கதை முழுக்கப் புரிகிறது, இடுப்பாலும் கண்ணாலும். 1914-இல் பிறந்த அந்தத் தொப்பிக்காரன் 22 ஆண்டில் முதலும் கடைசியுமாகக் குரல் கொடுத்தது இதில்தான். அடுத்த படத்தில் அவர் பேசியே விட்டார், ஆனால் அதற்குள் இந்தப் பாத்திரத்தை அனுப்பிவிட்டார்.

இவ்வளவும் சொல்லும்போது, மரியாதை கருதிப் பலர் தொடாமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தப் படத்தை எடுத்த ஆலையின் முதலாளி சாப்ளின். ஹாலிவுட்டின் லா பிரேயா அவென்யூவில் சொந்த ஸ்டூடியோ, விநியோகத்துக்குத் தானும் பங்குதாரரான யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், செலவு சுமார் 15 லட்சம் டாலர், எல்லாம் அவர் பணம். எழுத்து, இயக்கம், நடிப்பு, தயாரிப்பு, இசையமைப்பு ஐந்தும் அவரே. 1934 அக்டோபரில் தொடங்கிய படப்பிடிப்பு அடுத்த ஆகஸ்ட் வரை நீண்டது. நினைத்தது வரும்வரை அதே காட்சியை எத்தனை தடவையும் எடுப்பார். ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் பூக்காரி காட்சிக்கு நூற்றுக்கணக்கான தடவை எடுத்தது ஊரறிந்த கதை. இசைப்பதிவின்போது இசை நடத்துநர் ஆல்ஃபிரெட் நியூமனோடு சண்டை வந்து அவர் பாதியில் வெளியேறினார். சாப்ளினிடம் வேலை பார்ப்பது லேசான காரியமாக இருந்ததாகத் தெரியவில்லை.

அதைவிட முக்கியமானது ஒரு தொழில்நுட்ப விவரம். படத்தின் பெரும்பகுதியை விநாடிக்கு 18 பிரேம் என்ற ஊமைப்பட வேகத்தில் எடுத்தார்கள். திரையில் ஓடியது பேசும்படத்தின் 24 பிரேம் வேகத்தில். நாலு மணி நேர வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்த மாதிரி. பெல்ட் முன்னால் மூச்சுவாங்கும் அந்தத் தொழிலாளிகளின் கையை இன்னும் வேகமாக ஓட்டியவர், கடைசிக் கணக்கில், சாப்ளின்தான். முதலாளி ஐந்தாம் பிரிவுக்கு உத்தரவிட்டதையே இயக்குநரும் செய்திருக்கிறார், நாம் சிரித்தோம். இதை அவருடைய பாசாங்கு என்று நான் சொல்ல வரவில்லை. நகைச்சுவை என்பதே நேரக்கணக்குத்தான். அரை நொடி தப்பினால் சிரிப்பு வராது. டெய்லரின் ஸ்டாப்வாட்சும் சாப்ளினின் உடம்பும் ஒரே பொருளைத்தான் அளந்தன. மனித அசைவை நொடிக்குள் அடக்குவது எப்படி என்று அத்தனை நுட்பமாக அறிந்த ஒருவரால் மட்டுமே, அப்படி அடக்கும்போது உடம்பு எந்த இடத்தில் முரண்டு பிடிக்கும் என்று இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடிந்தது.

வேகம்தான் சண்டையின் பொருள் என்பதை வெளியே இருந்த தொழிலாளிகள் விமர்சகர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். படம் வந்து பதினோரு மாதத்தில், 1936 டிசம்பர் 30 அன்று, மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். 44 நாள். கூலியைப் போலவே, வரிசையின் வேகத்தை நிர்வாகம் இஷ்டத்துக்குக் கூட்டுவது அவர்களின் தலையாய குறைகளில் ஒன்று. அவர்கள் இயந்திரத்தை உடைக்கவில்லை, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தார்கள். படம் அவர்களைத் தூண்டியது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஒரே காற்றை இருவரும் சுவாசித்தார்கள் என்பது போதும்.

பிரெஞ்சு விமர்சகர் ரோலண்ட் பார்த் 1950-களில் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இந்தப் படத்தைப் பற்றிய எழுத்துகளில் தனியே நிற்கிறது. (பிரான்சில் இந்தப் படத்துக்கு இருந்த மதிப்புக்கு இன்னொரு அடையாளம்: சார்த்தரும் சிமோன் தெ போவுவாரும் 1945-இல் தொடங்கிய இதழுக்கு இதன் பெயரையே வைத்தார்கள்.) பார்த் சொல்வது இது: சாப்ளின் காட்டுவது ஏழையை, அரசியல் விழிப்புப் பெற்ற பாட்டாளியை அல்ல. நாயகனுக்குப் பசி கண்ணை மறைக்கிறது, வேலைநிறுத்தம்கூட அவனுக்குச் சாப்பாட்டைக் கெடுக்கும் விபத்துத்தான். ஆனால் அந்தக் குருட்டுத்தனத்தைப் பார்க்கிற நமக்கு, அவன் காணாததெல்லாம் தெரிகிறது. இவ்வளவு கூர்மையாக வேறு யாரும் சொன்னதில்லை. பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாயகன் முழுக் குருடன் என்பதில் மட்டும் சந்தேகம் உண்டு, அதற்குக் காரணம் பார்த்தும் எழுதும் அந்த இரண்டாவது தொழிற்சாலைதான்.

மூடிக்கிடந்த ஆலை திறக்கிறது. கூட்டத்தில் முண்டியடித்து நாயகன் வேலை வாங்கிவிடுகிறான். செஸ்டர் கான்க்ளின் நடித்த பழைய மெக்கானிக்குக்கு எடுபிடி. முதல் வேலையாக அவருடைய பரம்பரைச் சொத்தான சட்டைப்பைக் கடிகாரத்தை அச்சழுத்தியில் வைத்துத் தட்டையாக்கிவிடுகிறான். பிறகு அவரையே இயந்திரத்துக்குள் அனுப்பிவிடுகிறான். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மதியச் சங்கு ஊதுகிறது. ஆலை நின்றுவிட்டது. எடுக்க முடியாது, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நாயகன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவருக்கு ஊட்டத் தொடங்குகிறான். அவித்த முட்டை, காய்த்தண்டு, காப்பி. காப்பி ஊற்றப் புனல் சரிவரவில்லை என்று முழுக்கோழி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து அதன் வழியே ஊற்றுகிறான். கொட்டுகிறது, சிந்துகிறது, மெக்கானிக் முறைக்கிறார், வாயைத் துடைத்துவிடுகிறான். முன்பு இயந்திரம் அவனுக்கு ஊட்டியது ஆலை ஓடியபோது, சாப்பாட்டு நேரத்தை ஒழிப்பதற்காக. இங்கே அவன் ஊட்டுவது ஆலை நின்றபின், அந்த நேரம் இன்னும் ஒழிந்துபோகாததால். ஊட்டுவதில் இவனும் அந்த இயந்திரத்தைப் போலவே மோசம். ஆனால் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கை மாற்றுகிறான், அவசரம் என்பதே இல்லை. படத்தில் தொழிற்சாலைக்குள் அவன் நிதானமாக ஒரு காரியம் செய்யும் ஒரே இடம் இது.

சங்கு மறுபடி ஊதுகிறது, இயந்திரம் ஓடி மெக்கானிக் வெளியே வருகிறார். வந்த அடுத்த நொடி ஒருவர் வந்து வேலைநிறுத்தம் என்று சொல்ல, எல்லாரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். நாயகனுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த முறை நிறுத்தச் சொன்னது முதலாளி இல்லை, ஆனால் அவனையும் யாரும் கேட்கவில்லை. வாசலில் போலீஸ். கீழே கிடந்த பலகையின் ஒரு முனையில் தெரியாமல் காலை வைக்கிறான், மறுமுனையில் இருந்த செங்கல் பறந்துபோய்ப் போலீஸ்காரரின் தலையில் இறங்குகிறது. வேலைநிறுத்தக்காரன் என்ற கணக்கில் அவனை வண்டியில் ஏற்றுகிறார்கள்.